திரையச்சுக் கூடமும் சுத்தமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், எம்.கே.பி. நகர் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கற்றறிந்தோர் நிறைந்த இச்சபையின்கண் நின்று பேசுதற்கு யான் எவ்வாற்றானும் தகுதியுடையேனல்லேன். முப்பது வருஷங்களுக்கு மேலாக இந்த எம்.கே.பி. நகரில் ஒரு சிறு திரையச்சுக் கடை நடத்தி, மையும் வலைத்துணியும் மரச்சட்டமுமாகவே காலங்கழித்தவன். நம் காரியதரிசி அவர்கள் சென்ற மாதம் என் கடைக்கு வந்து, “நம் வாலிபர்களிற் பலர் இப்பொழுது வீட்டிலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு உபயோகமாக ஏதேனும் சொல்லவேண்டும்” என்று கேட்டுக்கொண்டார். இலாபம் வரும் வழியைச் சொல்லுவேனென்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். யான் எடுத்துக்கொண்ட விஷயமோ, கடையைக் கூட்டித் துடைத்து ஒழுங்காக வைத்துக்கொள்ளுதல். இதைக் கேட்டுச் சில வாலிபர்கள் புன்னகை செய்வதைக் காண்கிறேன். துடைப்பத்தைப்பற்றி ஒரு பிரசங்கமா என்று எண்ணுகிறார்கள் போலும். சிரிக்கட்டும். யானும் இருபத்தைந்து வயதில் அப்படித்தான் சிரித்தேன்.

இத்தொழிலை அறியாத தாய்மார்களும் பெரியோர்களும் இங்கே இருத்தலால், அதன் இயல்பை இரண்டொரு வார்த்தைகளிற் கூறிவிடுகிறேன். ஒரு சட்டத்தில் மிக மெல்லிய பாலியெஸ்டர் வலைத்துணியை மத்தளத்தின் தோல்போல் இழுத்து ஒட்டுகிறோம். அதன்மீது எமல்ஷன் என்னும் பசையைப் பூசி, இருட்டில் உலர்த்தி, எழுத்தோ சித்திரமோ கறுப்பாகப் பதிந்த பாசிட்டிவ் தாளை அதனோடு சேர்த்துக் கண்ணாடியால் அழுத்தி, வெளிச்சம் காட்டுகிறோம். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடுகிறது. எழுத்தின் நிழல் விழுந்த இடமோ இறுகாமல் நீரிற் கரைந்து போகிறது. அப்படித் திறந்துகொண்ட கண்களின் வழியே, ஸ்குவீஜி என்னும் ரப்பர்ப் பட்டையால் மையை இழுத்தால், கீழேயுள்ள காகிதத்திலோ துணியிலோ எழுத்து இறங்குகிறது. கலியாணப் பத்திரிகை, கடைக்காரர் கொடுக்கும் மஞ்சட்பை, கட்சிக் கொடி, பனியன், யந்திரங்களின்மேல் ஒட்டும் பெயர்த்தகடு ஆகிய எல்லாம் இவ்விதம் ஆவனவே.

ஜப்பான் தேசத்தார், காகிதத்தில் நுட்பமாகத் துளையிட்டுச் சித்திரம் வெட்டி, அதன் வழியாகத் துணியில் வர்ணமேற்றும் கலையில் வெகுகாலமாகத் தேர்ந்தவர்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர், பட்டுத்துணியைச் சட்டத்தில் இழுத்து அச்சிடும் முறைக்கு 1907-ஆம் வருஷத்தில் பேடண்டு உரிமை பெற்றார். பின்னர்ப் பட்டு போய் நைலான் வந்தது, பாலியெஸ்டர் வந்தது. ஆயினும், துணியில் வர்ணமிடுதல் நமது கரைக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளை நாடியன்றோ ஐரோப்பியக் கம்பெனியார் கப்பலேறி வந்தார்கள்! திருவொற்றியூரிலுள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையிற் கவர்னராயிருந்த காலெட் என்பவர் காலத்தில் நெசவாளரைக் குடியேற்றி உண்டாக்கியது. காலெட்பேட்டை என்பதே நம்மவர் வாயில் காலடிப்பேட்டையாயிற்று. நமக்கு அண்மையிலுள்ள வண்ணாரப்பேட்டையும், கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் இருந்ததனாற் பெயர் பெற்றதே. அக்காலத்துச் சித்திரத் துணிக்காரர், ஒரு வர்ணம் ஏற்றுமுன்னும் ஏற்றிய பின்னும் துணியை நீரில் அலசினார்கள். அலசுதல் அவர்களுக்குத் தொழில் முடிந்தபின் செய்யும் எடுபிடி வேலையாக இருக்கவில்லை. தொழிலிற் பாதி அதுவே. ஜலத்தைப்பற்றிப் பின்னரும் பேசவேண்டியிருப்பதால், இதைச் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

மற்ற அச்சுத் தொழில்களுக்கும் நமது தொழிலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில், வேலை முடிந்ததும் எழுத்துக்களைப் பிரித்து அவ்வவற்றின் அறையிற் போட்டுவிடுவார்கள். முந்திய வேலை அங்கே சுவடின்றிப் போய்விடும். திரை அப்படிப்பட்டதன்று. நேற்று அச்சிட்டது அதன் இழைகளிலே தங்குகிறது. சரியாகக் கழுவாத ஒரு சட்டத்தைச் சூரிய வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். போன முகூர்த்தத்து மணமகன் பெயர் மங்கலாகத் தெரியும். நம் தொழிலில் அதைக் கோஸ்ட் என்கிறோம். அதன்மேல் எமல்ஷன் பூசிப் புதிய எழுத்தை எடுத்தால், பழைய கறை நின்ற இடங்களில் மை சரியாக இறங்காது, அல்லது பழைய எழுத்தின் சாயல் புதியதன்மேல் விழும். நாம் கழுவாமல் விட்டது எதுவோ, அது அடுத்த மனிதருடைய காரியத்தில் அச்சாகிறது. இத்தொழிலில் சுத்தம் என்பது கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக அன்று, அடுத்தவருக்குச் செய்யவேண்டிய நியாயம் என்பதை யான் புத்தகத்திற் படித்தறியவில்லை. ஒரு தகப்பனார் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போன ஒரு காகிதத்தால் அறிந்தேன்.

அதைச் சொல்ல எனக்கு வெட்கந்தான். ஆயினும் சொல்லுகிறேன். இருபது வருஷங்களுக்கு முன், ஒரு தை மாதத்தில், என் கடையில் வேலை நிரம்பிக் கிடந்தது. நம்மவர் ஒருவர் வீட்டுக் கலியாணப் பத்திரிகை ஐந்நூறு அச்சிட்டுக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானமே வேறொரு வீட்டார் ஓடிவந்து, பதினாறாம் நாள் கிரியைக்குப் பத்திரிகை வேண்டும், மறுநாட் காலையிற் கொடுக்கவேண்டும் என்றார்கள். துக்க வீட்டாருக்கு இல்லையென்று சொல்லக்கூடுமா? வாங்கிக்கொண்டேன். கடையிலிருந்ததோ ஒரே உலர்த்து ராக். மேல் தட்டுகளில் மஞ்சள் தடவிய கலியாணப் பத்திரிகை, கீழ்த் தட்டுகளிற் கறுப்புக் கரையிட்ட கிரியைப் பத்திரிகை. இரவு பதினொரு மணிக்குக் கையாளாக இருந்த பையன் தூக்கக் கண்ணோடு இரண்டையும் வாரிக் கட்டினான். யானும் எண்ணிப் பாராமல் உறையிலிட்டுக் கொடுத்தேன்.

கலியாண வீட்டார் முதற் பத்திரிகையைச் சம்பந்தி வீட்டில் வைப்பதற்காகத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பெரியோர் கூடியிருந்த கூடத்தில் பத்திரிகையைப் பிரித்தபோது, அதனுள்ளிருந்து கறுப்புக் கரையிட்ட ஒரு காகிதம் நழுவிக் கீழே விழுந்தது. அவ்விடத்தில் என்ன பேசிக்கொண்டார்களென்று எனக்குத் தெரியாது. கலியாணம் நின்றுபோகவில்லை, தெய்வாதீனமாக நடந்தது. ஆயினும் அந்த முகூர்த்தத்தில் நடக்கவில்லை. மாப்பிள்ளையின் தாயார் மனம் ஒப்பாமல், வேறு நாட் பார்த்துப் பங்குனியில் நடத்தினார்கள். பெண்ணின் தகப்பனார் மறுநாள் என் கடைக்கு வந்தார். ஏசுவார், அடிப்பார் என்று நடுங்கி நின்றேன். அவர் அந்தக் கறுப்புக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார், பத்திரிகைக்குச் சேரவேண்டிய பாக்கி ரூபாயை எண்ணி அதன் பக்கத்தில் வைத்தார், ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிப் போனார். ஏசியிருந்தால் ஆறியிருக்கும். அந்த ரூபாயை யான் இன்றுவரை செலவு செய்யவில்லை. திருப்பிக் கொடுக்கப் போன இரண்டு தடவையும் அவர் வாங்க மறுத்துவிட்டார்.

பையனைக் கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. ஒரே ராக்கை வைத்துக்கொண்டு மங்கலத்தையும் துக்கத்தையும் ஒன்றாக உலர்த்தியவன் யான். அந்த வாரம் கடையை நான்கு நாள் மூடிவிட்டு, உள்ளே இருந்த யாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். எடுத்தபோதல்லவோ தெரிந்தது! ஐம்பத்திரண்டு சட்டங்கள், அவற்றுள் எது எவருடையதென்று பாதிக்குத் தெரியவில்லை. மூடி திறந்து காய்ந்து பாறையான மைத் தகரங்கள் பத்துப் பன்னிரண்டு. ஒரே சிவப்பை மூன்று தடவை வாங்கியிருந்தேன், ஏனென்றால் முன் வாங்கியது இருக்கும் இடம் எனக்குத் தெரியாது. இலாபம் எங்கே போகிறதென்று வருஷக்கணக்காகப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அது அலமாரியின் பின்னாலேயே கிடந்தது.

அப்பொழுது செய்துகொண்ட ஏற்பாடுகளை இன்னும் கைக்கொண்டு வருகிறேன். சட்டங்களைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதில்லை. மேலே உள்ளதன் மூலை கீழே உள்ளதன் துணியைக் கிழித்துவிடும். புத்தகங்களைப்போல் நிமிர்த்தி, மரப்பிளவுகளுள் நிறுத்துகிறேன். ஒவ்வொரு சட்டத்தின் ஓரத்திலும் இன்னாருடையது, இன்ன தேதியில் எடுத்தது, துணி எத்தனையாம் எண் என்று எழுதியிருக்கும். துணிப்பைக்கு ஏற்ற அகன்ற கண் உடைய மெஷ் ஒரு பக்கம், பத்திரிகைக்கு ஏற்ற நெருங்கிய மெஷ் மற்றொரு பக்கம். பாசிட்டிவ் தாள்களை உறையிலிட்டு, சட்டத்தின் எண்ணையே உறைக்கும் கொடுத்துவிட்டால், மூன்று வருஷத்துக்குப் பின் ஒரு மளிகைக் கடைக்காரர் அதே பை வேண்டுமென்று வந்தாலும் இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடலாம். கலியாணப் பத்திரிகைச் சட்டத்தை மட்டும் கலியாணம் முடிந்த மாதத்திலேயே அழித்துவிடுகிறேன். அது மறுபடியும் எவருக்கு வேண்டும்? ராக் இப்பொழுது இரண்டு. துக்கப் பத்திரிகைக்கென்று உள்ள ராக், கடையின் எதிர்ச் சுவரிலே தனியாக நிற்கிறது. வேலை நெருக்கத்தில் அதைக் கடன் வாங்கலாமென்று மனம் சொல்லும். யான் வாங்குவதில்லை.

மைத் தகரத்தை மூடுமுன் அதன் விளிம்பைத் துடைக்கவேண்டும். துடைக்காத விளிம்பில் மை காய்ந்து, மூடி சரியாக அமராமற் போய், உள்ளேயுள்ள முழுவதும் தோல் கட்டிவிடும். காய்ந்த அத்தோலின் துணுக்குகள் பின்னர் மெஷ்ஷின் கண்களை அடைக்கும். கலந்த நிறங்களுக்கு அளவை எழுதி, ஒரு துண்டுக் காகிதத்தில் அந்நிறத்தைத் தடவித் தகரத்தின்மேல் ஒட்டிவிட வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கரண்டி. வெள்ளை மையின் கரண்டியை வேறு எதிலும் இடுதலாகாது. நம் தாய்மார்களுக்கு இதை யான் கற்பிக்க வேண்டியதில்லை. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் மிளகும் கலக்காமல் இருட்டிலும் கைபட்டு எடுப்பவர்கள் அவர்கள். ஜப்பானியர் தங்கள் தொழிற்சாலைகளில், வேண்டாததை நீக்குதல், வேண்டியதற்கு இடம் வகுத்தல், துலக்குதல், அம்முறையை நிலைநிறுத்தல், அதைப் பழக்கமாக்குதல் என்ற ஐந்தை விதியாக வைத்திருக்கிறார்கள். அதைக் கற்றுக்கொள்ளச் சில கம்பெனிகள் பணம் செலவிட்டு ஆட்களை வரவழைக்கின்றன. ஒரு நாள் தங்கள் வீட்டுச் சமையற்கட்டில் உட்கார்ந்து பார்த்தால் பாதி விளங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

ஆயுத பூஜையைப்பற்றி இங்கே ஒரு வார்த்தை. நம் கடைகளில் வருஷத்துக்கு ஒரு நாள், பூஜைக்கு முதல் நாள், கடையைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவுகிறோம். மறுநாள் மாலை போட்டுப் பொரிகடலை வழங்குகிறோம். நல்ல வழக்கம். ஆனால் அடுத்த நாளே பழைய குப்பை பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. கருவியைத் தெய்வமாக மதிக்கிறவன் அதை முந்நூற்று அறுபத்துநான்கு நாள் அழுக்கில் வைத்திருக்கலாமா? மேலும், பக்தி மிகுதியால் மெஷ்ஷின் நடுவிலே சந்தனமும் குங்குமமும் வைக்கிறவர்கள் உண்டு. தயவு செய்து சட்டத்தின் கட்டையில் வையுங்கள். குங்குமத் துகள் கண்களில் ஏறிக்கொண்டால், அடுத்த பத்திரிகையில் விநாயகர் தும்பிக்கையில் ஓட்டை விழும்.

தூசியைப்பற்றி வடசென்னை வாசிகளுக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில், இராயபுரத்துப் பக்கம் மாடியிற் காய்ந்த வேட்டி மாலையில் கறுத்திருக்கும். 2011-ஆம் வருஷத்தில் ஹைகோர்ட் உத்தரவின்பேரில் அவ்வேலை அங்கே நின்றது. நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போயிற்று. நமது தெருக்களில் லாரிப் புழுதி இன்னும் இருக்கிறது. பாசிட்டிவ் தாளின்மீதும் கண்ணாடியின்மீதும் ஒரு தூசி இருந்தால் அதன் நிழலும் எழுத்தாக எண்ணப்பட்டு, அவ்விடத்தில் ஊசிமுனை அளவு துளை விழுகிறது. அச்சில் அது புள்ளியாக வரும். அப்புள்ளிகளை ஒவ்வொன்றாக அடைப்பதற்கு ஆகும் நேரத்திற் பத்திலொரு பங்கு போதும், கண்ணாடியை முன்னமே துடைத்துவிடுவதற்கு. இங்குள்ள காற்றில் ஈரமும் மிகுதி. ஐப்பசி, கார்த்திகையில் எமல்ஷன் தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். அதை வெளிச்சத்துக்குக் காட்டிக் கழுவினால் எழுத்தோடு சேர்ந்து எல்லாமே வழிந்துவிடும். ஆகையால், பூசிய சட்டங்களுக்கு மூடிய அலமாரி ஒன்று தனியே வேண்டும். அதில் ஈரமான எந்த வஸ்துவையும் வைத்தலாகாது.

இனிச் சொல்லப்போவதைச் சகோதரர்கள் விளையாட்டாகக் கேளாதிருக்கப் பிரார்த்திக்கிறேன். நம்மிற் பலர் வீட்டின் முன்னறையில் அச்சிடுகிறோம். பின்னறையிற் சமையல். மையை இளக்கவும் கழுவவும் வைத்திருக்கும் தின்னர் முதலிய திரவங்கள் சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகின்றன. அவ்வாவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து செல்லும். கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து அறையில் அடுப்பிருந்தாலும் அதைத் தேடிக்கொண்டு போவதுபோல் போய்ச் சேர்ந்து, தீயை இழுத்துக்கொண்டு திரும்பி வரும். சாயங்காலம் சுவாமி படத்துக்கு விளக்கேற்றி ஊதுவத்தி கொளுத்துகிறோமே, அப்படத்தின்கீழ் எத்தனை கடைகளில் தின்னர்த் தகரம் இருக்கிறதென்று யான் பார்த்திருக்கிறேன்! படத்தை வாசற்பக்கம் மாற்றிவிடுங்கள். சுவாமி கோபிக்கமாட்டார். ஒரு நாளைக்கு வேண்டிய அளவே அறையில் இருக்கட்டும், அதுவும் மூடியோடு. ஆவி தரைமட்டத்தில் தங்குவதால், உச்சியில் மட்டும் ஜன்னல் இருந்து பிரயோஜனமில்லை. கீழேயும் காற்றுப் போக வழி வேண்டும்.

மை துடைத்த கந்தல்கள் மற்றொரு சத்துரு. எண்ணெய் கலந்த மையில் நனைந்த கந்தலைச் சுருட்டி மூலையில் குவித்து வைத்தால், ஒருவரும் நெருப்பு வைக்காமலே உள்ளுக்குள் சூடேறித் தீப்பற்றுவதுண்டு. அவற்றை மூடியுள்ள இரும்புத் தொட்டியிற் போட்டு, இரவில் வீட்டுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். வாசலருகே ஒரு வாளி மணல் எப்பொழுதும் நிற்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீரை வீசினால் தீ நீரின்மேல் மிதந்து பரவும்.

கைகளைப்பற்றியும் சொல்லவேண்டும். யான் தொழில் பழகிய காலத்தில், எமல்ஷனுக்கு ஒளியுணர்ச்சி கொடுக்கப் பைகுரோமேட் என்னும் ஆரஞ்சு நிற உப்பைக் கரைத்துச் சேர்ப்போம். வெறுங்கையால் கலக்குவோம். விரல் இடுக்குகளில் சிறு குழிகள் விழுந்து மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கும். அதைத் தொழிற்புண் என்று பெருமையாகக் காட்டிக்கொள்வோம். அந்த உப்பிலுள்ள குரோமியம் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்பது அன்று எங்களுக்கு ஒருவரும் சொல்லாத சங்கதி. இப்பொழுது டையஸோ முதலிய வேறு மருந்துகள் தாராளமாகக் கிடைக்கின்றன. மலிவு என்று பழைய உப்பை வாங்குகிறவர்கள் இன்னும் சிலர் உண்டு. அந்த மலிவு வேண்டாம். கையுறை நாற்பது ஐம்பது ரூபாய்தான். மையைத் தின்னரால் கையிலிருந்து கழுவுவதும் கூடாது. தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துப் பிறகு சோப்புப் போட்டாலே போய்விடும். பழைய எமல்ஷனைக் கரைக்க பிளீச்சிங் பவுடர் உபயோகிப்போர், கழிவறை கழுவும் ஆசிடை அதனோடு ஒருபோதும் சேர்க்கலாகாது. குளோரின் புகை கிளம்பிச் சுவாசத்தை அடைக்கும். டீகோட்டிங் மருந்தைத் தடவிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. அது மெஷ்ஷிலேயே காய்ந்துவிட்டால் எமல்ஷன் பின்னர் எதற்கும் கரையாது, துணியைக் கிழித்து எறியவேண்டியதுதான்.

இப்பொழுது ஜலத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சொன்ன சுத்தமெல்லாம் கடையின் நான்கு சுவருக்குள். நம்மிற் பலர், கடையைப் பளபளவென்று வைத்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுகிறோம். அந்த அழுக்கு எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. சட்டம் கழுவிய நீர் வாசற் கால்வாயில் விழுகிறது. நமது பேட்டையின் வடிகால் வியாசர்பாடி கேப்டன் காட்டன் கால்வாயிற் போய்ச் சேருகிறது. அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், அதன் வழியே எண்ணூர்க் கழிமுகம், பிறகு சமுத்திரம். முன்னே சித்திரத் துணிக்காரர்களைச் சொன்னேனல்லவா? அவர்கள் நீரில் அலசிவிட்டது பெரும்பாலும் வேர், பட்டை, கடுக்காய், படிகாரம் இவற்றின் சாறு. நாம் அலசிவிடுவது அப்படிப்பட்டதன்று.

திருப்பூர்க் கதையைப் பலர் அறிவீர்கள். பனியன் தொழிலால் உலகமெங்கும் பெயர் பெற்ற அவ்வூரின் சாயக்கழிவு நொய்யலாற்றில் விழுந்தது. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்திற் கட்டிய அணையில் சாயநீர் தேங்கி, குடியானவர்களின் நிலமும் கிணறும் கெட்டன. இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு, சுத்திகரிப்பு விதியை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. அவை பெரிய பட்டறைகள், நாம் சிறியவர்கள் என்று சமாதானம் சொல்லலாம். அங்கேயும் ஒவ்வொருவரும் தனித்தனியே அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

நமக்கு அது 2023 டிசம்பரில் நேரிலேயே தெரிந்தது. மிச்சாங் புயலின்போது வியாசர்பாடியும் எம்.கே.பி. நகரும் நாட்கணக்கில் நீரில் நின்றதை இங்குள்ளோர் எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். என் கடைக்குள் முழங்காலளவு நீர். கீழ்த் தட்டிலிருந்த தகரங்கள் மிதந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. நீர் வடிந்தபின் சுவரில் நின்ற கோட்டைப் பார்த்தேன். கறுப்பு, அதன்மேல் எண்ணெயின் வானவில். அந்த வெள்ளத்திலேயே மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீன்பிடிப்போரின் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கிற்று. அது பெரிய ஆலைகளின் பக்கத்திலிருந்து வந்தது, நம்முடையதன்று. மெய்தான். ஆனால் என் வீட்டுச் சுவரில் படிந்த கோட்டில், இருபது முப்பது வருஷமாக யான் வாசலில் ஊற்றிவந்ததும் கொஞ்சம் திரும்பி வந்திருக்காதென்று என்னால் சத்தியம் செய்ய இயலவில்லை. எதிர்வீட்டு அம்மாள் தன் பேரக்குழந்தையைக் கட்டில்மேல் நிறுத்திக்கொண்டு மூன்று நாள் இருந்தார். அவர் வீட்டுக்குள்ளும் அதே கோடு.

ஆகையால் இப்பொழுது செய்துவரும் முறையைச் சொல்லுகிறேன், இஷ்டமுள்ளோர் எடுத்துக்கொள்ளலாம். அச்சு முடிந்ததும் சட்டத்திலுள்ள மையை அட்டைத் துண்டால் வழித்துத் தகரத்திலேயே சேர்த்துவிடுகிறேன். இதில் மட்டும் மாதம் ஒன்றுக்கு ஓரளவு மை மிச்சப்படுகிறது. மீதியைத் தின்னரில் நனைத்த துணியால் துடைக்கிறேன். தின்னரை ஊற்றிக் கழுவுவதில்லை. துடைத்த தின்னர் சேரும் பாத்திரத்தை மூடி ஒரு நாள் வைத்தால் வர்ணம் அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மறுபடியும் முதற்கழுவலுக்கு உபயோகிக்கலாம். எமல்ஷன் கரைத்த நீரை ஒரு டிரம்மில் விட்டுத் தெளியவைத்து, பழைய வேட்டித் துணியால் வடிகட்டுகிறேன். அடியிலும் துணியிலும் தங்கும் சேறு காய்ந்தால் மாதம் ஒரு சிறு டப்பாதான் வரும். டப்பா, கந்தல், அடியில் தங்கிய வர்ணம் இவற்றை மாநகராட்சிக் குப்பையில் போட்டால் அவை போகுமிடம் கொடுங்கையூர். அதுவும் நமக்குப் பக்கத்து ஊரே.

இங்கேதான் நம் சங்கத்தின் உதவியை நாடுகிறேன். அபாயகரமான தொழிற்கழிவுகளை வாங்கி அடக்குவதற்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு பொது நிலையம் இருக்கிறது. மாதம் ஒரு டப்பா சேறு வைத்திருக்கும் என்னைப்போன்றவன் தனியே அங்கு அனுப்புவது நடவாத காரியம். இந்தப் பேட்டையிலும் வியாசர்பாடியிலும் நம்மவர் கடைகள் பதினெட்டு இருக்கின்றன என்று காரியதரிசி கணக்கெடுத்திருக்கிறார். பதினெட்டுப் பேரும் ஒரே டிரம்மில் சேர்த்து, வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வண்டியில் ஏற்றினால், ஆளுக்கு விழும் செலவு ஒரு கலியாணப் பத்திரிகை வேலையில் வரும் இலாபத்துக்கு மேற்படாதென்பது என் உத்தேசம். பிளாஸ்டிக்குப் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசாங்கத்தார் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்கினார்கள். அதனால் நமக்குத் துணிப்பை வேலை கூடியிருப்பது எல்லோரும் அறிந்ததே. மண்ணையும் நீரையும் காக்கவென்று ஜனங்கள் வாங்கும் பையை அச்சிட்டுவிட்டு, அச்சிட்ட மையை அதே நீரில் ஊற்றுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படித் தோன்றுமென்றே நம்புகிறேன்.

இதை எதிர்த்து இருவர் என்னிடம் பேசினார்கள். ஒருவர், இதெல்லாம் செய்தால் விலையை ஏற்றவேண்டும், பாரிமுனையில் குறைவாகச் செய்துகொடுப்பவரிடம் வியாபாரம் போய்விடும் என்றார். அவர் சொல்லுவது முழுவதும் பொய்யன்று. பைக்குப் பத்துப் பைசா பார்த்து வேறு கடைக்குப் போகிறவர் உண்டு. ஆயினும், மூன்று தடவை வாங்கிய சிவப்பு மையைக் கணக்கிலே சேர்த்துப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன். மற்றொருவர், வீட்டில் இடமில்லை என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை. பத்தடிக்கு எட்டடி அறையில் குடும்பமும் தொழிலும் நடத்துகிறவருக்கு, இரண்டாவது ராக் எங்கே வைப்பது என்று யான் எப்படிச் சொல்லுவேன்? அப்படிப்பட்டவர்களுக்காகச் சங்கக் கட்டடத்தின் பின்புறத் தாழ்வாரத்தில், தின்னரும் சட்டங்களும் வைக்க ஓர் இரும்பு அலமாரி போடலாமா என்று நிர்வாக சபையார் ஆலோசிக்கவேண்டும். வாடகை வாங்கினாலும் சரியே.

டிரம் ஒன்றுக்கு வேண்டிய தொகையை யான் தருகிறேன். அதற்கென்று ஒரு ரூபாய் என் பெட்டியில் இருபது வருஷமாகக் காத்திருக்கிறது. கொடுத்தவரிடம் இவ்வாரம் போய்ச் சொன்னேன். அவர் இப்பொழுது நான்கு பேரன் பேத்திகளுக்குத் தாத்தா. சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மூடி இறுக்கமாக இருக்கிற டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள், ஐயா” என்றார். சேர விருப்பமுள்ளோர் இன்று போகுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கவும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் கடை திறந்திருக்கும்.